பொங்கல் விழா: டம்ளர் வீட்டிலிருந்தே வரட்டும்

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். நம் வளாகத்தில் குப்பையைப் பிரித்துப் போடுவது நன்றாகவே நடக்கிறது. ஆனால் உலர் குப்பை போடும் நீலத் தொட்டி வாராவாரம் வழிகிறது. பிரித்துப் போட்டாலே எல்லாம் மறுசுழற்சிக்குப் போய்விடுவதில்லை. டீ குடிக்கும் காகிதக் கப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நகத்தால் சுரண்டினால் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரிந்து வரும். பழைய பேப்பர்க்காரர் அதைத் தொடக்கூட மாட்டார். கடைசியில் பெருங்குடி அல்லது கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் இந்தக் கப்பும் உண்டு, கடைகளில் இன்னும் கிடைக்கிறது என்பது வேறு கதை!

அதனால் இந்த வருடப் பொங்கல் விழாவுக்குக் கப், தண்ணீர் பாட்டில் எதுவும் வாங்கப் போவதில்லை. சாப்பாடு வாழை இலையில். தண்ணீருக்குக் கேன் இருக்கும். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவாருங்கள், அடியில் வீட்டு எண் எழுதிவிட்டால் மாறிப்போகாது. போன முறை சாம்பார் சாதம் நிறைய வீணானது. வீட்டிலிருந்து எத்தனை பேர் சாப்பிட வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். சமையல்காரருக்கு வெள்ளி காலை சொல்லியாக வேண்டும்.