மறுபடியும் லினக்ஸையே போடுங்கள்: எங்கள் தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கணினி அறையில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை (கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளை) எடுத்துவிட்டு விண்டோஸ் 10 போட்ட கதை உங்களுக்கே தெரியும், அதைக் கிளறவில்லை. அதன்பின் பாடம் மெதுவாக ஓடுகிறது என்று நான் சொன்னதற்குச் சென்ற கூட்டத்தில் கிடைத்த பதிலுக்காகத்தான் எழுதுகிறேன்: "பாட மென்பொருளும் அதேதான், மெஷினும் அதேதான். வேகம் மட்டும் எப்படிக் குறையும்? டீச்சர்தான் பழகிக்கொள்ள வேண்டும்."

குறையும் ஐயா. கணக்குப் போடுவது பிராசசர். அது எதில் ஓட்டினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கோப்பைத் திறந்து கொடுப்பதும் நினைவகத்தைப் பங்கிடுவதும் இயங்குதளம். நம் உச்சரிப்புப் பாடத்தில் சொல்லுக்கு ஒரு ஒலிக்கோப்பு, ஒரு படம் என்று பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. லினக்ஸில் ஒரு கோப்பைத் திறப்பது சின்ன வேலை. விண்டோஸில் ஒவ்வொரு திறப்பும் பல அடுக்குகளைத் தாண்ட வேண்டும். நீங்கள் வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் அங்கேதான் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சோதிக்கிறது. போதாததற்கு 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க்.

இது என் கற்பனை இல்லை. விண்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்ட 2016-இல் வழி செய்த மைக்ரோசாஃப்ட், கோப்பு வேலைகள் மெதுவாக நடப்பதைப் பார்த்து, 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலையே உள்ளே வைத்தது. விண்டோஸ் மட்டம் என்று சொல்லவில்லை. விளையாட்டுகளில் பெரும்பாலும் அதுதான் முந்தும். ஆபீஸ் மெஷினில் தாராளமாக இருக்கட்டும்.

சனிக்கிழமை வகுப்பு ஒரு மணி நேரம்தான். தென்னாப்பிரிக்காவின் இந்தச் சாட்ஸ்வர்த்தில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாததா? இப்போது பாடம் திறக்கவே கால் மணி நேரம் போகிறது. திறந்த பிறகும் மாட்டின் படம் முதலில் வந்து நிற்கிறது, குரல் வருவதில்லை. ஏழு வயதுப் பையன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்சம் பார்க்கிறான், ஆங்கிலத்தில் "கௌ" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறான். நம் பாட்டிமார் பேசிப் பதிந்த "மாடு" அதற்கப்புறம்தான் ஒலிக்கிறது, ஆட்டின் படத்துக்கு. இதற்கு நான் எப்படிப் பழகிக்கொள்வது?

அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன்: வகுப்பு மெஷின்களில் லினக்ஸையே போடுங்கள்.

புது மெஷின் வாங்கிவிடலாம் என்றார் பொருளாளர். மண்டபத்து ஏசிக்கு ஒரே கூட்டத்தில் கை தூக்கியவர்கள், இதற்கும் தூக்குவீர்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினிலேயே இருக்க வேண்டும், நம் மெஷின்களில் அது கிடையாது. ஆக, நன்றாக ஓடிய மெஷினை நாமே மெதுவாக்கிவிட்டு, மெதுவாக இருக்கிறது என்று குப்பையில் போடப்போகிறோம். நன்கொடை கொடுத்தவர்கள் கேட்டால் பதில் சொல்லும் பொறுப்பையும் டீச்சரிடமே விட்டுவிடுவீர்களோ என்னவோ.

சரி, கோபத்தில் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு மெஷினில் மட்டும் லினக்ஸ் போட அனுமதி கொடுங்கள். விண்டோஸ் மெஷினைப் பக்கத்தில் வைத்து அதே பாடத்தை ஓட்டிக் காட்டுகிறேன். அதுவரை புது மெஷினுக்கான ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை,
சாட்ஸ்வர்த், டர்பன்