தட்டில் காய்ந்த செல்லை நம்பாதே

அன்புள்ள செல்வா,

மூன்று வாரமாகப் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சுகம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய எலைசா (ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று நிறமாற்றத்தால் காட்டும் சோதனை) முடிவுகளைப் பார்த்தேன். 4பி க்ளோனை (ஒரே ஆன்டிபாடியைச் சுரக்கும் செல் கூட்டம்), 'மேற்பரப்பு ஆன்டிபாடி', அதாவது பாக்டீரியாவின் வெளிப்புறத்தில் ஒட்டுவது, என்று இப்போதே எழுதிவிட்டாயே, அதுதான் உறுத்துகிறது. ஈ. கோலை பாக்டீரியாவை பிளேட்டில் ஊற்றிக் காயவைத்தாய் அல்லவா? காயும்போது பல செல்களின் வெளிச்சவ்வு கிழியும். உள்ளே இருந்த புரதங்களும் வெளியே வந்து குழியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் ஏறினால் ஆன்டிபாடி எதிலோ ஒட்டியது என்று தெரியும், அவ்வளவுதான்.

உயிருள்ள செல்லில் பார். வேகமாக வளரும் கட்டத்தில் எடுத்து, மெதுவாகச் சுழற்றிக் கழுவி, 1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) சேர்த்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் கலக்கி, ஐஸில் 30 நிமிடம் ஆன்டிபாடியோடு வை. பிறகு கழுவி, பச்சையாக ஒளிரும் செகண்டரி, அதாவது முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி. கடைசியில் புரொப்பிடியம் அயோடைடு என்ற சிவப்புச் சாயம் போட்டு, ஃபிக்ஸ் செய்யாமல் (ரசாயனத்தால் இறுக்காமல்) ஃப்ளோவில், அதாவது செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் அளக்கும் கருவியில், ஓட்டு. சிவப்பு ஏறிய செல்லின் சவ்வு ஓட்டை, அதைக் கணக்கில் சேர்க்காதே. பக்கத்திலேயே செல்லுக்கு உள்ளே இருக்கும் சைட்டோபிளாசப் புரதத்துக்கான ஆன்டிபாடி ஒன்றும் ஓடட்டும். சிவப்பை ஒதுக்கிய பிறகும் அது ஒளிர்ந்தால் அன்றைய தயாரிப்பையே தூக்கிப் போடு.

4பி ஒளிரவில்லை என்றாலும் உடனே மனம் தளராதே. வெளிச்சவ்வில் உள்ள எல்பிஎஸ் (கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறு) நீட்டும் நீண்ட ஓ-சங்கிலிகள், அதாவது சர்க்கரைச் சங்கிலிகள், 'போரின்' (porin) என்ற துளைப் புரதங்களைப் புதர்போல மூடிக்கொள்ளும். ஆய்வகங்களில் வளர்க்கும் கே-12 ஸ்ட்ரெயினில் (வகையில்) பொதுவாக இந்த ஓ-சங்கிலி, அதாவது ஓ-ஆன்டிஜனே கிடையாது. அதில் அழகாக ஒட்டும் ஆன்டிபாடி, நோயாளியிடமிருந்து எடுத்த ஸ்ட்ரெயினில் ஒட்டாமல் போகலாம். இரண்டிலும் பார்.

இலக்கு புரதமா, எல்பிஎஸ்ஸா? செல்லை எஸ்டிஎஸ் (சோப்பு போன்ற பொருள்) பஃபரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் புரதத்தைச் செரிக்கும் புரோட்டீனேஸ் கே சேர்த்து 60 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, பிளாட் செய் (ஜெல்லில் பிரித்து, மெல்லிய தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பார்ப்பது). பட்டை மறைந்தால் புரதம். ஏணிப்படி மாதிரி வரிசையாகப் பட்டைகள் நின்றால் ஓ-சங்கிலி. ஒவ்வொரு படியும், சில சர்க்கரைகள் சேர்ந்த ஒரு அலகு கூடுதல். அடியில் மட்டும் ஒரு பட்டை என்றால் சங்கிலிக்கு அடியில் உள்ள கோர் பகுதியையோ சவ்வில் பதிந்த லிப்பிட் ஏ-யையோ பிடிக்கிறது. எல்பிஎஸ் என்று வந்தால் ஐசோடைப்பையும் (ஆன்டிபாடியின் வகை) பார்த்துவிடு, பல நேரம் ஐஜிஎம் வகையாக இருக்கும். அது, ஆன்டிபாடியைப் பிடித்துச் சுத்தம் செய்யும் புரோட்டீன் ஏ காலம் (column) என்ற குழாயில் நிற்காது.

ரமணி ஸ்டாஃப் ஆரியஸ் பாக்டீரியாவில் இறங்கியிருக்கிறானாமே, அவனிடம் கண்டிப்பாகச் சொல். அதன் மேலேயே புரோட்டீன் ஏ இருக்கிறது. எலியின் ஐஜிஜி2ஏ வகை ஆன்டிபாடியை, ஒட்டும் முனையால் அல்ல, வாலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும், அந்த வகை க்ளோன் எல்லாம் பாசிட்டிவாகத் தெரியும். அதே ஐசோடைப்பில் சம்பந்தமில்லாத ஆன்டிபாடி ஒன்று கண்ட்ரோலாக வேண்டும். புரோட்டீன் ஏ நீக்கிய ஸ்ட்ரெயின் கிடைத்தால் இன்னும் நல்லது.

4பி-யை இன்னொரு முறை குழிக்கு 0.5 செல் என்ற கணக்கில் பிரித்து, இரண்டு குப்பியாவது திரவ நைட்ரஜனில் போட்டுவிடு. ஃப்ளோ படம் வந்ததும் அனுப்பு, சிவப்பு செல்களை ஒதுக்காத படத்தையும் சேர்த்து.

அன்புடன்,
குமார்