‘நரம்புத் தளர்ச்சி’ என்பது நோயின் பெயர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கை கால் மரத்துப்போகிறது, நடை தள்ளாடுகிறது, சில நேரம் பார்வை இரண்டாகத் தெரிகிறது. பரிசோதனை மேல் பரிசோதனை நடந்தும் இன்ன நோய் என்று முடிவாகவில்லை. இப்படி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் ‘நரம்புத் தளர்ச்சி’. இந்தப் பெயர் சுவர் விளம்பரங்களுக்குத்தான் உதவும். மருத்துவருக்கு இதிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

‘தலைசுற்று’ என்ற ஒரே சொல்லில் நாம் மூன்று விஷயங்களைச் சொல்கிறோம். அறையே சுழல்வது ஒன்று, எழுந்து நின்றதும் கண் இருட்டுவது ஒன்று, தலை தெளிவாக இருந்தும் கால் நிலைகொள்ளாதது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் உள்காதுக் கோளாறு. இரண்டாவதில் ரத்த அழுத்தத்தைப் படுத்தும் நின்றும் பார்க்க வேண்டும். மூன்றாவதில் சிறுமூளை, தண்டுவடம், கால் நரம்புகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும். ‘கை மரத்துப்போச்சு’ என்பதும் இப்படித்தான்: தொட்டால் தெரியவில்லையா, அல்லது தூக்க வரவில்லையா?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், இடதா வலதா, எத்தனை நிமிடம், அதற்கு முன் என்ன செய்தார், முந்தைய இரவு எவ்வளவு தூங்கினார் என்று எழுதுங்கள். வெயிலிலோ வெந்நீர்க் குளியலிலோ கூடுகிறதா என்பதையும் குறியுங்கள். சாப்பிடும் மருந்துகள் எல்லாம் அதில் இருக்கட்டும். சித்த வைத்திய ஆசான் கொடுத்த செந்தூரப் பொடியையும் மறைக்க வேண்டாம். கழுத்து எலும்பைப் படம் எடுத்துப் பார்க்கும்முன் யாரும் கழுத்தைத் திருகவோ சொடுக்கவோ விடாதீர்கள். தண்டுவடம் ஏற்கெனவே நசுங்கியிருந்தால் நடக்கிற காலும் போய்விடும்.

வெட்டு, அதாவது வலிப்பு, வந்தால் கையில் சாவியைத் திணிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. இரும்பு வலிப்பை நிறுத்தாது. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். வாயில் எதையும் வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. கூட இன்னொருவர் இருந்தால் முகமும் கை காலும் தெரியும்படி செல்போனில் படம் பிடிக்கட்டும். கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதே மருத்துவருக்கு முக்கியமான தடயம்.

அடுத்து மாத்திரை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போக அது ஒரு காரணம். ஆனால் சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன்பே கடையில் ‘நரம்புச் சத்து’ மாத்திரை வாங்கி விழுங்கினால், பி12 அளவு சரியாக இருப்பதாக அறிக்கை வரும், உண்மையான குறை தெரியாமல் போய்விடும். எனவே முதலில் ரத்தம், பிறகு மாத்திரை. அந்த மாத்திரைகள் பலவற்றில் பி6-உம் உண்டு. அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் பி6 தானே நரம்பைக் கெடுத்து மரத்துப்போக வைக்கும். தோலில் உணர்ச்சியற்ற வெளிர் தேமல் இருந்தால் தொழுநோய்க்கும் பார்க்க வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனைக்குப் போகும்போது தலையில் தேங்காய் எண்ணெய் கூடாது. முந்தைய நாள் ஷாம்பூ போட்டு அலசுங்கள். எண்ணெய் இருந்தால் மின்முனை சரியாக ஒட்டாது. நரம்புக் கடத்தல் சோதனைக்குக் கை கால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பும் மந்தமாகக் காட்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை ஆனாலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனை ஆனாலும், எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாளோடு படங்கள் பதிந்த சி.டி. வட்டையும் கொண்டுபோங்கள்.

படம் சுத்தமாக வந்துவிட்டால் ‘நடிப்பு’ என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். ஒற்றைத் தலைவலியும் பலருடைய வலிப்பும் எம்.ஆர்.ஐ.யில் தெரிவதில்லை. மூளையின் அமைப்பு கெடாமல் அதன் இயக்கம் மட்டும் தடம் மாறும் கோளாறும் உண்டு. அதைக் கை கால்களைச் சோதித்தே கண்டுபிடிக்கலாம், பிசியோதெரபியும் பலன் தரும்.

காரணம் தெரியும்வரை, நினைவு தப்புகிறவர்கள் பனை ஏறுவதையும் வள்ளத்தில் போவதையும் பைக் ஓட்டுவதையும் நிறுத்த வேண்டும். குளத்தில் தனியாக இறங்கக் கூடாது, குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது. விடியும்முன் ரப்பர் வெட்டப் போனால் துணை வேண்டும். பாதம் மரத்தவர்கள் வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்ற வேண்டும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருப்பே கூடாது. வாய் கோணுவது, ஒரு பக்கம் தளர்வது, பேச்சுக் குழறுவது திடீரென வந்தால் உடனே 108. அது பக்கவாதமாக இருக்கலாம்; மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரமே அவகாசம். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று சொல்லத் தெரிய வேண்டும். கால் தளர்ச்சி மேலேறி மூச்சு வாங்குவதும், தொடையிடுக்கு மரத்துச் சிறுநீர் கட்டுவதும் அதே அவசரம்தான்.

மாவட்டச் சுகாதாரத் துறை ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு ஒரு பக்கக் குறிப்புத் தாள் அச்சிட்டுத் தரலாம். மூன்று தலைசுற்றலுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, தமிழில்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்டுகள் இருவர்,
தக்கலை