எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ புரட்டிப் பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் எங்க பக்கத்துல ஒரு பழைய ஸ்கூல்ல லைப்ரரிய க்ளீன் பண்றோம்னு இங்கிலீஷ் புத்தகத்தையெல்லாம் மூட்டை கட்டி எடைக்குப் போட்டுட்டாங்க. தகவல் தெரிஞ்சு நான் மதுரை சிம்மக்கல்ல இருக்குற பழைய பேப்பர் கடைக்கு ஓடுறதுக்குள்ள பாதி மூட்டை வண்டி ஏறிருச்சு. மிச்சத்தக் கிளறுனப்போ இங்கிலீஷ் கவிஞர் ஷெல்லியோட கவிதைத் தொகுப்பு ஒண்ணு கெடச்சது, 1904ல தாமஸ் ஹட்சின்சன் பதிப்பிச்ச ஆக்ஸ்போர்டு புத்தகம், முதுகு பிஞ்சு தொங்குது, உள்ளட்டையில 1911ல ஒரு பையனுக்கு இங்கிலீஷ்ல முதல் மார்க்குக்குப் பரிசா குடுத்த சீட்டு அப்படியே இருக்கு. கடைக்காரத் தம்பி நாப்பது ரூவா போதும்ணேன்னாரு. வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு மனசே ஆறல.

இருபத்தஞ்சு வருசமா ஷெல்லி புத்தகம் சேக்குறேன் சார். 1813ல அவர் சொந்தமா 250 காப்பி மட்டும் அச்சடிச்ச 'குயின் மாப்'ங்கிற நீள்கவிதை எல்லாம் என் கைக்கு எட்டாது. கேஸ் போட்டுருவாங்கன்னு பயந்து, தன் பேரு இருந்த பக்கத்த நெறைய காப்பில வெட்டி எடுத்துட்டுத்தான் தெரிஞ்சவங்களுக்கே குடுத்தார். 1822ல அவர் கடல்ல மூழ்கி செத்ததுக்கப்புறம் மனைவி மேரி கவிதைகளத் தொகுத்து 1824ல கொண்டு வந்தாங்க, மாமனார் எதிர்ப்பால அத விற்பனையிலருந்தே எடுக்க வேண்டியதாச்சு. 1839ல நாலு வால்யூமா திரும்பப் போட்டப்போ, ஷெல்லி வாழ்க்கை வரலாறு எழுதக் கூடாதுன்னு மாமனார் தடை போட்டிருந்ததால, சொல்ல வேண்டிய வாழ்க்கையையெல்லாம் கவிதைக்கு எழுதுன குறிப்புக்குள்ளயே வச்சிட்டாங்க மேரி. அந்தக் குறிப்புக்காகவே பழைய பதிப்பத் தேடி அலையுறவங்க எங்கள மாதிரி இருக்கோம். பின்னாடி வந்த சின்னச் சின்ன தேர்வுத் தொகுப்புல அதெல்லாம் கெடைக்காது.

ஷெல்லிதாசன்னு புனைபேரு வச்சிக்கிட்ட பாரதியார் 1904ல நம்ம சேதுபதி ஸ்கூல்ல தமிழ் வாத்தியாரா இருந்தார், அவரோட 'தனிமை இரக்கம்' கவிதை மதுரை 'விவேகபாநு' பத்திரிகையில வந்ததும் அதே வருசந்தான். அப்படிப்பட்ட ஊருல ஷெல்லிய கிலோ கணக்குல போடுறோமேன்னு நெனச்சா வயிறு எரியுது சார்.

வீட்டுல பழைய புத்தகம் வச்சிருக்கவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். கிழிஞ்ச பக்கத்துல செல்லோடேப் ஒட்டாதீங்க, கொஞ்ச வருசத்துல பசை மஞ்சளாகி எழுத்தையே தின்னுரும். பைண்டிங் குடுத்தா ஓரத்த மிசின்ல வெட்ட வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிருங்க, அந்தக் காலத்து வாத்தியாருங்க பென்சில்ல எழுதி வச்ச குறிப்பெல்லாம் ஓரத்துலதான் இருக்கும். கந்தல் துணியில செஞ்ச பழைய பேப்பர் எரநூறு வருசம் ஆனாலும் தாங்கும், ஆனா பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பின்பாதியில வந்த மரக்கூழ் பேப்பர் தொட்டாலே அப்பளம் மாதிரி ஒடியும், அத வெயில்ல காய வைக்கவே கூடாது. ராமபாணப் பூச்சிக்கு எங்கம்மா வசம்பத் துணியில முடிஞ்சு அலமாரில போடுவாங்க, நானும் அதத்தான் செய்யுறேன். முக்கியமா பரிசுச் சீட்டு, பழைய ஓனர் கையெழுத்து, லைப்ரரி சீல் எதையும் கிழிச்சிராதீங்க, லண்டன்லயும் ஆக்ஸ்போர்டுலயும் அச்சான புத்தகத்த மதுரைப் புத்தகமா ஆக்குறது அதுதான்.

நத்தம் ரோட்டுல 2023ல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல, கழிக்கப்போற புத்தக லிஸ்ட்ட ஸ்கூல், காலேஜ் கொண்டு வந்து காட்டுறதுக்கு ஒரு மேசை போட்டா ரொம்ப நல்லது. அதுவரைக்கும் தலைமையாசிரியருங்க எடைக்குப் போடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடி லிஸ்ட்ட வாசல் நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாப் போதும், எடைக்கு வர்ற காசுக்கு மேலயே குடுத்து வாங்கிக்க நாங்க பஸ் புடிச்சு வந்துருவோம்.

இப்படிக்கு,
ஷெல்லி வாசகன்,
திருநகர், மதுரை