எங்கள் பழைய புறநகரின் நினைவுகளைத் திரட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கண்காட்சிக் குழுவினருக்கு,

வணக்கம். 1950களிலும் 60களிலும் லண்டனின் வடமேற்குப் புறநகரான ரேனர்ஸ் லேன் பக்கம் வளர்ந்தவர்கள் தங்கள் சிறுவயது நினைவுகளையும் பழைய பொருள்களையும் தந்துதவ வேண்டும் என்று கேட்ட உங்கள் துண்டறிக்கை கிடைத்தது. நானும் அங்கே வளர்ந்தவன்தான். 1955இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்து வயதுப் பையனாகக் கப்பலில் வந்து இறங்கியவன். இம்மடலின் ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதே வீதிகளில் இன்று எங்கள் ஆட்கள் ஏராளமாகக் குடியிருக்கிறார்கள். தாங்கள் கடன்பட்டு வாங்கிய வீட்டின் பழங்கதையை அவர்களும் அறியட்டும்.

துண்டறிக்கையைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பூட்டாத கதவுகள், இருட்டும்வரை வீதியில் விளையாடிய பிள்ளைகள், ஆசிரியருக்கு அஞ்சிய மாணவர்கள், ஆபத்துக்கு உதவிய அயலார்: எல்லாம் அக்காலத்து மனிதர்களின் ஒழுக்கத்தால் விளைந்தவை என்கிறீர்கள். என் பிள்ளைப்பருவம் நன்றாகத்தான் இருந்தது. அது எதனால் நன்றாக இருந்தது என்பதில்தான் உங்களோடு எனக்கு வழக்கு.

முதலில் ஊரைப் பற்றி ஒரு சொல். அது ரயில் கம்பெனி விற்ற கனவு. மெட்ரோபொலிட்டன் ரயில்வே 1915 முதல் 1932 வரை ‘மெட்ரோலாந்து’ என்ற கையேட்டை அச்சிட்டு, வயலோரம் வீடு, வாசலில் ரயில் என்று லண்டன்வாசிகளுக்கு ஆசை காட்டியது. ரேனர்ஸ் லேனில் ஹரோ கார்டன் வில்லேஜ் எழுந்தது அப்படித்தான். ரயில் பாதைக்குத் தெற்கே நாஷ் என்ற கட்டடக்காரர் 1930களில் வரிசை வரிசையாக வீடுகளைக் கட்டித் தள்ளினார். இரண்டிரண்டாக ஒட்டிய வீடுகள், வெளியே பிதுங்கிய சன்னல், கதவின் வண்ணக் கண்ணாடியில் உதயசூரியன், முன்னால் மட்டமாக வெட்டிய வேலி. 1936இல் திறந்த குரோவ்னர் சினிமாவின் முகப்பில் கொங்கிரீட்டில் ஒரு பெரிய வளைவு யானைத் துதிக்கைபோல் கீழிறங்கும். ஊரார் அதற்கு எந்தப் பெயர் சொன்னாலும் எங்கள் அம்மாவுக்கு அது ‘பிள்ளையார் தியேட்டர்’. அந்தக் கட்டடத்தில் இன்று ஜொராஸ்திரியர்கள் (பார்சிகளின் சமயத்தார்) வழிபடுகிறார்கள். அம்மா இருந்திருந்தால் தாம் முன்பே சொன்னதாகச் சொல்லியிருப்பார்.

இனி வழக்குக்கு வருகிறேன். பள்ளியில் தினமும் காலை இடைவேளைக்கு மூன்றிலொரு பைண்ட் (ஏறக்குறைய 190 மி.லி.) பால், சின்னப் போத்தலில், இலவசம். 1946இல் போட்ட சட்டத்தின்படி பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் அதே போத்தல்தான். குளிர்காலத்தில் பால் உறைந்துவிடும். அதை ஹீட்டர் ஓரம் வைத்து உருக்கித் தருவார்கள். அந்த வெதுவெதுப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டும். ஆனால் எங்கள் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு அதுதான் காலை உணவு என்பதை வளர்ந்த பிறகே புரிந்துகொண்டேன். தம்பி பிறந்தபோது கிளினிக்கில் மலிவு விலைக்கு ஆரஞ்சுச் சாறும், கூடவே மீனெண்ணெயும் கொடுத்தார்கள். என் மூக்குக்கண்ணாடி அரசாங்கக் கண்ணாடி. நூலகம் இலவசம். இங்கிலாந்துக் கால்பந்து அணிக்கு ஆடிய ஜெஃப் ஹால் 1959இல் 29 வயதில் போலியோவால் இறந்தார். அதுவரை தடுப்பூசியைத் தள்ளிப்போட்டவர்களும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். அந்த ஊசிக்கும் யாரும் காசு கேட்கவில்லை.

இவற்றில் ஒன்றுகூட உங்கள் துண்டறிக்கையில் இல்லை. இவற்றில் பல, போர் முடிந்து நாடே கடனில் மூழ்கிக் கிடந்தபோது வரிப்பணத்தில் செய்த ஏற்பாடுகள். 1971இல் ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பாலை நிறுத்தியவர் அப்போதைய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர். ஒழுக்கம் கெட்டுப் பால் நின்றுபோகவில்லை.

பள்ளிச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். பாலும் சீனியும் விட்டு அவித்த சோற்றின் நடுவில் ஒரு கரண்டி ஜாம். முதல் நாள் அதைக் கண்டு நான் அழுதேனாம். அந்தப் பாயச அரிசிதான் கடையில் கிடைத்த ஒரே அரிசி என்பதால் அம்மாவும் அதையே வாங்கிக் குழையக் குழையச் சோறாக்கினார். தம்பியை எண்ணெய் வைத்துத் தோயவார்க்க நல்லெண்ணெய் ஏது? பார்மசியில் காதுக்கு விடுவதற்கென விற்ற ஒலிவ் எண்ணெய்தான். அந்தச் சின்னப் போத்தல்களை அம்மா இத்தனை வாங்குவதைப் பார்த்து, எங்கள் வீட்டில் எல்லோருக்கும் செவிட்டு வருத்தம் என்று பார்மசிக்காரர் நினைத்திருக்கக்கூடும்.

வீதியில் விளையாடினோம், உண்மை. எங்கள் வீதியில் கார் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. வீட்டுக்கு வீடு ஒரு பெண் அடுப்படிச் சன்னலிலிருந்து எங்களைப் பார்த்தபடி நின்றார். அவர்களில் பலர் போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள். பின்னர் வீட்டுக்குள் அனுப்பப்பட்டவர்கள். எங்கள் பாதுகாப்பு அவர்களின் சம்பளமில்லாத காவல். அதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. 1966இல் பிரிட்டனின் வீதிகளில் மாண்டவர்கள் 7,985 பேர். வாகனங்கள் பல மடங்கு பெருகிய இன்று ஆண்டுக்கு 2,000க்கும் குறைவு. அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஆபத்தே இல்லை என்று சுவரில் எழுதி மாட்டுவதற்குமுன் தயவுசெய்து இந்தக் கணக்கைப் பாருங்கள்.

உங்கள் அறிக்கையின் முகப்புப் படத்தில் நிலக்கரிக் கணப்பு எரிகிறது. அழகான படம். நெருப்பு இருந்தது ஓர் அறையில் மட்டும் என்பது படத்தில் தெரியாது. மாடியில் படுக்கையறைச் சன்னலின் உட்புறத்தில் பனி பூத்திருக்கும். 1962 கிறிஸ்மஸுக்கு மறுநாள் விழத் தொடங்கிய பனி மார்ச் மாதம்வரை எங்களை வாட்டியது. அந்தக் குளிர்காலம் முழுவதும் அம்மாவின் சேலைகளில் மண்ணெண்ணெய் ஹீட்டரின் வாடை. அதே கணப்புகளின் புகையும் மின்நிலையங்களின் புகையும் மூடுபனியோடு கலந்து 1952 டிசம்பரில் லண்டனில் குறைந்தது 4,000 பேரைக் கொன்றது. தூய காற்றுச் சட்டம் வர 1956 ஆனது. கணப்பு மூட்டத் தெரியாமல் தவித்த அம்மாவுக்கு, முகப்பில் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக் காற்றை இழுக்கவைக்கும் வித்தையைக் கற்பித்தவர் பக்கத்து வீட்டு அம்மையார். அயலார் நல்லவர்கள் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்.

எல்லா அயலாரும் அல்லர். எங்கள் அப்பா மருத்துவர். பகலில் ஆஸ்பத்திரியில் ஆங்கிலேயர்களின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவருக்கு மாலையில் வாடகைக்கு அறை கிடைக்கவில்லை. கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த அட்டைகளில் வாடகைத் தொகைக்குக் கீழே ‘நிறத்தவர்கள் வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கும். அப்போது அது சட்டப்படி குற்றமல்ல. 1965இல் வந்த இன உறவுச் சட்டமும் பொது இடங்களோடு நின்றுவிட்டது. வீட்டுக்கும் வேலைக்கும் சட்டம் நீண்டது 1968இல். அப்பா அந்த வாசகங்களைத் தேதியோடு நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார், கருத்து ஒன்றும் சேர்க்காமல்.

பதினொரு வயதுப் பரீட்சையையும் நீங்கள் மறந்துவிட்டீர்கள். 1944 கல்விச் சட்டத்துக்குப் பின் வந்த அந்த ஏற்பாட்டில், ஒரே வீதியில் ஒன்றாகத் திரிந்த பிள்ளைகள் ஒரு கோடைக்குள் இரண்டு சாதியாகிவிடுவார்கள். நான் தேறி, மேற்படிப்புக்கு வழிவிடும் கிராமர் பள்ளிக்குப் போனேன். பக்கத்து வீட்டுப் பையன் தேறாதவர்களுக்கான செகண்டரி மாடர்ன் பள்ளிக்குப் போய் 15 வயதில் வேலைக்குப் போய்விட்டான். சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்ட எனக்குப் பழக்கியவன் அவன். பரீட்சையில் அதற்குக் கேள்வி இல்லை.

என் வேண்டுகோள் இதுதான். பால் போத்தல் வைத்தால், அதற்குப் பணம் கொடுத்த சட்டத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கணப்பு வைத்தால் மூடுபனியின் படத்தையும் வையுங்கள். கிராமர் பள்ளித் தொப்பியைத் தனியே வைக்காதீர்கள். அப்பாவின் நாட்குறிப்பில் அந்தப் பக்கங்களைத் திறந்துவைப்பதாக எழுத்தில் உறுதி தந்தால் இரவல் தருகிறேன். மூடிய புத்தகமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதானால் வேண்டாம். மண்ணெண்ணெய் ஹீட்டரும் என் கராஜில் கிடக்கிறது. எனக்கு முதுகுவலி, அதைத் தூக்க ஓர் இளைஞரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ரேனர்ஸ் லேனில் வளர்ந்த ஒருவன்