உரசல் சத்தத்துக்காக இயர்போனை மாற்றாதீர்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் டிசம்பர் குளிருக்கு ஜெர்கின் வெளியே வந்ததும், சர்வீசுக்கு வரும் இயர்போன்களும் கூடிவிடும். "நடந்தா கரகரங்குது, ஸ்பீக்கர் போயிடுச்சு போல" என்பதுதான் வழக்கமான புகார். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். நைலான் துணியிலும் ஜிப்பிலும் வயர் உரச, அந்த அதிர்வு வயரின் உறை வழியாகவே ஏறிக் காதுக்குள் போகிறது. காதுக்குள் போகும் சிலிக்கோன் ரப்பர் முனை (டிப்) காதுத் துளையை அடைத்திருப்பதால் சின்ன உரசலும் பெரிதாகக் கேட்கும். இதற்கு சால்டரிங் வைத்துப் பயனில்லை.

கடைக்கு வருமுன் ஒரு சோதனை செய்யுங்கள். பின்னை போனிலிருந்து கழற்றிவிட்டு, இயர்போனைக் காதில் மாட்டி, வயரைச் சட்டையில் உரசிப் பாருங்கள். அதே கரகரப்பு கேட்டால் உரசல்தான், வீட்டிலேயே சரிசெய்யலாம். பாட்டு ஓடும்போது பின்னை அசைத்தால் ஒரு பக்கம் விட்டுவிட்டு வருகிறதென்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அதை மட்டும் எடுத்து வாருங்கள்.

முதலில் கிளிப். பழைய இயர்போனின் கிளிப் இருந்தால் போதும். இல்லாவிட்டால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் 15 அல்லது 19 மி.மீ. பைண்டர் கிளிப்பைக் காலரில் மாட்டி, அதன் கம்பிக் கைப்பிடியில் வயரை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். வாய்ப்பகுதியில் வயரைக் கடிக்க விட்டால் உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பிகள் நசுங்கிவிடும். கைப்பிடியில் வயர் வழுக்கவும் கூடாது. வழுக்கினால் கீழே நடக்கும் உரசல் அப்படியே மேலே ஏறும். தலையை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, வயர் இழுபடாத அளவுக்குத் தொய்வு விடுங்கள். அதிகம் விட்டால் அந்தத் தொய்வே காலரில் உரசும். வயரில் மைக் இருந்தால் கிளிப் மைக்குக்குக் கீழே வரட்டும்.

பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். போதவில்லையென்றால் வயரைக் காது மடலுக்கு மேலே கொண்டுபோய்ப் பின்பக்கம் இறக்குங்கள். அதிர்வை மடல் வாங்கிக்கொள்ளும். டிப் மாட்டும் குழாய்தான் பட்ஸின் மூக்கு. நேரான மூக்குள்ள பட்ஸுக்கு இது சுலபம். சாய்ந்த மூக்கென்றால் இடது வலது மாற்றி மாட்ட வேண்டியிருக்கும். பாட்டுக்குப் பெரிய நஷ்டமில்லை, ஆனால் கேம் ஆடுகிறவர்களுக்கு எதிரி வரும் திசையே மாறிப்போகும்.

அப்படி மாட்டப் பிடிக்காதவர்களுக்கு நூல் வைத்தியம். பட்ஸிலிருந்து 2 செ.மீ. விட்டு, வயரைப் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வளையமாக வளைத்து, குறுக்கே சேரும் இடத்தில் எம்பிராய்டரி நூலால் கட்டுங்கள். அதிர்வு பட்ஸை எட்டுமுன் இந்த வளையம் ஸ்பிரிங் மாதிரி அசைந்து அதைத் தின்றுவிடும். இழுத்தால் வயர் நகரும் அளவுக்குத்தான் கட்டு இறுகலாம். வயரையே முடிச்சுப் போடாதீர்கள். சில வாரத்தில் அதே இடத்தில் அறும். வளையத்துக்குக் கீழே 4 செ.மீ. நீளத்துக்குக் கம்பளி நூலை நெருக்கமாக இரண்டு அடுக்குச் சுற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு முக்கால் மீட்டர் நூல் பிடிக்கும். நுனியை மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பால் ஒட்டுங்கள். மைக் துளையை மூடிவிடக் கூடாது. வியர்வையில் கம்பளி நாறினால் அவிழ்த்துவிட்டுப் புது நூல் சுற்றிக்கொள்ளலாம்.

ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். அது காய்ந்து வயரை விறைப்பாக்கும். விறைத்த வயர் இன்னும் அதிகமாகச் சத்தம் கடத்தும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் வெயிலில் பசை கக்கிக் கழுத்தில் ஒட்டும்.

இன்னொன்று. அல்சூர் ஏரியைச் சுற்றி ஓடுகிறவர்கள் சிலர், குதிகால் பதியும்போது "தும் தும்" என்று கேட்கிறதென்று வயர்லெஸ் கேட்டு வருகிறார்கள். அந்தச் சத்தம் எலும்பு வழியாக வருவது. காதை அடைக்கிற எந்த பட்ஸிலும், வயர் இல்லாததிலும், அது கேட்கும். டிப்பைக் கொஞ்சம் ஆழமாக உட்காரவைத்தால் ஓரளவு குறையும். அல்லது காதை அடைக்காத பழைய மாடல் பட்ஸ் வாங்குங்கள், விலையும் குறைவு.

கழற்றிய பழைய கிளிப்புகள் கல்லாவில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. வேண்டுமென்பவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்
அல்சூர், பெங்களூர்