சென்னை–சேலம் தடத்தில் பேட்டரியா, ஹைட்ரஜனா? ஒன்றிய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் 'உடான்' திட்டத்தின் தடங்கள் குறுகியவை, மின்விமானத்துக்குத் தோதானவை என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. சென்னை–சேலம் வான்வழியில் சுமார் 265 கி.மீ.தான். ஆனால் சேலத்தில் இறங்க முடியாவிட்டால் திருச்சிக்கோ கோவைக்கோ இன்னும் 130–140 கி.மீ. போக வேண்டும்; அங்கே அரைமணி நேரம் வட்டமடிக்கவும் கையிருப்பு வேண்டும். சுமார் 70 பேர் செல்லும் விசிறி விமானமான ஏடிஆர் 72-இன் பயணத்துக்குத் தோராயமாக 600 கிலோ எரிபொருள் என்றால், கையிருப்பும் ஏறக்குறைய அவ்வளவே.

அந்த 1,200 கிலோவிலிருந்து விசிறியின் தண்டுக்கு வந்து சேர்வது சுமார் 4,200 யூனிட் ஆற்றல். உறை, குளிரூட்டி, தீத்தடுப்பு எல்லாம் சேர்ந்த பேட்டரித் தொகுதி கிலோவுக்கு 0.2 யூனிட் தந்தாலே பெரிது. மோட்டார் இழப்பையும் கழித்தால் 23 டன் பேட்டரி வேண்டும். ஏடிஆர் 72-600 புறப்படும்போது இருக்கக்கூடிய உச்ச எடையே 23 டன்! எரிபொருளாவது போகப் போகக் குறையும். பேட்டரி ஏறிய எடையோடேயே இறங்கும். இத்தாலியின் டெக்னாம் நிறுவனம் 9 இருக்கை பி-வோல்ட் மின்விமானத் திட்டத்தை 2023-இல் நிறுத்திவைத்ததும் பேட்டரியால்தான்: சில நூறு பயணங்களிலேயே அதை மாற்ற வேண்டிவரும் என்று கணக்கு சொன்னது.

ஹைட்ரஜனில் கிலோவுக்கு 33 யூனிட். ஹைட்ரஜனை மின்சாரமாக்கும் எரிகலன் வழியாக 280 கிலோ போதும். ஆனால் 350 பார் (காற்றழுத்தத்தைப் போல சுமார் 350 மடங்கு) அழுத்தச் சிலிண்டர்களில் அடைத்தால் சிலிண்டர் எடையே 5 டன்னைத் தொடும். பயணிகளுக்கு மிச்சம் கொஞ்சம்தான். திரவமாக்கினால் 4 கன மீட்டருக்குள் அடங்கும், மைனஸ் 253 டிகிரியில். இங்கேதான் பலர் கவனிக்காத சிக்கல். ஹைட்ரஜன் மூலக்கூறுகளில் 'ஆர்த்தோ', 'பாரா' என்று இரண்டு வகை. சாதாரண ஹைட்ரஜனில் முக்கால் பங்கு 'ஆர்த்தோ'. குளிர்விக்கும்போதே வினையூக்கி வைத்து அதை 'பாரா'வாக மாற்றாவிட்டால், தொட்டிக்குள் தானாக மாறும். அப்போது வெளிப்படும் வெப்பம் ஆவியாக்கத் தேவையானதைவிட அதிகம். எவ்வளவு நல்ல காப்புறை போட்டாலும் ஆவியாகிப் போய்விடும். ஹைட்ரஜன் நிரப்பும் முன் குழாயிலுள்ள காற்றை நைட்ரஜனால் வெளியேற்றலாம் என்றால், அந்தக் குளிரில் நைட்ரஜனே உறைந்து வால்வை அடைக்கும். ஹீலியம் வேண்டும். ஹைட்ரஜனைத் தயாரித்துத் திரவமாக்க ஆகும் மின்சாரமோ, பேட்டரியை ஏற்ற ஆவதைப் போல சுமார் மூன்று மடங்கு.

ஆகவே ஒப்பந்தப்புள்ளியில் இவற்றைக் கேளுங்கள்: கையிருப்பையும் சேர்த்த தூரம் எவ்வளவு, அதுவும் தேய்ந்த பேட்டரியில்; தொட்டியோடு ஹைட்ரஜன் எடை எவ்வளவு; நிறுத்துமிடத்தில் மணிக்கு எத்தனை கிலோ ஆவியாகும்.

பயணிகள் தடத்துக்கு முன் பயிற்சிப் பள்ளிகளில் தொடங்கலாம். 2020-இல் ஐரோப்பியச் சான்று பெற்ற பிபிஸ்ட்ரல் வெலிஸ் எலெக்ட்ரோ இரண்டு இருக்கை விமானம். முக்கால் மணி நேரம் போலப் பறக்கும். ஓடுதளத்தையே சுற்றிச் சுற்றி ஏறி இறங்கிப் பழகும் மாணவருக்கு அது போதும். மாற்று நிலையத்தைத் தேடிப் போகும் கவலை அங்கே இல்லை.

இப்படிக்கு,
விமானப் பொறியியலில் பணிபுரிவோர் சிலர்